படம் எடுக்க வந்த இயந்திரம்

எங்கள் மக்காச்சோள வயலின் ஓரத்தில் சிறிய லாரி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து புத்தம்புதுக் களையெடுக்கும் இயந்திரத்தை இறக்கினார்கள். அண்ணிக்கு வாயெல்லாம் பல். மானியத்துக்கு மனு கொடுத்துவிட்டு ஒன்றரை வருடம் விவசாய அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவள். என் அண்ணன் இறந்த பிறகு அண்ணியும் நானும்தான் அந்த வயலில் குனிந்து குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தோம்.

"கைப்பிடியைப் பிடிச்சிட்டு நில்லும்மா. கொஞ்சம் சிரி," என்றார் ஜீப்பில் கூட வந்திருந்த விவசாய அதிகாரி.

இயந்திரம் விற்கும் கடைக்காரர் செல்போனில் படம் எடுத்தார். பொருளைப் பெற்றுக்கொண்டதாக ஒரு தாளில் அண்ணி கையெழுத்துப் போட்டாள். மை காய்வதற்குள் லாரி ஆட்கள் இயந்திரத்தை மறுபடி தூக்கப் போனார்கள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"இது படத்துக்குத்தாம்மா. உன்னோடது பின்னாடி வரும்," என்றார் கடைக்காரர்.

"பின்னாடின்னா எப்போ?"

"வரும்போது வரும். இன்னும் நாலு வயலுக்குப் போகணும், வழி விடு."

யாரையும் எதிர்த்துப் பேசி அறியாத அண்ணி, இரண்டு கையாலும் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "அப்போ என்னையும் சேர்த்துத் தூக்குங்க."

"போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்," அதிகாரி மிரட்டினார்.

"கூப்பிடுங்க சார். நான் கையெழுத்துப் போட்ட தாள் உங்க கையிலதானே இருக்கு? அதுபடி இது என் பொருள். அடுத்தவங்க பொருளைத் தூக்கிட்டுப் போறவனுக்கு என்ன பேருன்னு போலீஸே சொல்லட்டும்!"

நான் பக்கத்து வயல்களுக்கு ஓடினேன். வந்தவர்களில் ஒருவர், என்ஜினில் பொறித்திருந்த எண்ணைத் தன் செல்போன் படத்தோடு ஒப்பிட்டார். அவரை அதற்கு முந்தின வாரம் இதே இயந்திரத்தோடுதான் படம் எடுத்திருந்தார்கள். "எனக்கும் இதையேதான்யா காட்டினானுங்க!" என்று இன்னொருவர் கத்தினார். கணக்குப் பார்த்தால் அண்ணியைத் தவிர இப்படி ஏமாந்தவர்கள் ஆறு பேர். அதற்குள் அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

ஒரே இயந்திரத்தைக் காட்டி எல்லோருடைய மானியப் பணத்தையும் சுருட்டுகிறார்கள் என்று எல்லோரும் சேர்ந்து மேலிடத்தில் புகார் கொடுத்தோம். விசாரணை நடந்தது. கடைக்காரரின் உரிமம் பறிபோனது. அந்த ஆறு பேருக்கும் இயந்திரம் வந்து சேர்ந்தது. அதிகாரியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், பதவி உயர்வோடு! அண்ணி விடாமல் பிடித்து வைத்த இயந்திரத்தை மட்டும் சாட்சிப் பொருள் என்று எடுத்துப் போய், அலுவலகத்தின் பின்பக்கம் போட்டுவிட்டார்கள். மழையில் நனைந்து துருப்பிடிக்கிறது.

அண்ணி விடவில்லை. போன வாரமும் போனோம்.

"வழக்கு முடியட்டும்மா, தந்துடுவோம்," என்றார் புது அதிகாரி, தலையைத் தூக்காமல்.

"சரிங்க சார். அதுவரைக்கும் வளரக் கூடாதுன்னு களைக்கு ஒரு ஆர்டர் போட்டுக் குடுங்க. கொண்டுபோய் வயல்ல ஒட்டி வைக்கிறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.