பின்பக்கக் குழாய்க்கு ஒரு கிளிப்பு

அப்பா ஹாலில் மல்லாந்து படுத்திருந்தார். மகள் சமையலறையில் குப்புறப் படுத்திருந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இருவரையும் பார்த்தார்கள். மகளைப் பார்த்துத்தான் அதிகம் பதறினார்கள். அப்பாவுக்கு எழுபத்தாறு வயது, டாக்டர் கையெழுத்துப் போட்ட தாள் தலைமாட்டில் இருந்தது, அவர் படுத்திருந்ததில் ஒரு நியாயம் இருந்தது. மகளோ பாத்திரத் தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக்குள் தலையையும் ஒரு கையையும் நுழைத்துக்கொண்டு, ஈரத் தரையில் வயிறு பதிய, “இன்னும் ரெண்டு அங்குலம்... சனியனே” என்று திட்டிக்கொண்டிருந்தாள்.

“மெஷினையா திட்டுற?” என்று சித்தப்பா குனிந்து கேட்டார்.

“எல்லாரையும்தான்” என்று அலமாரிக்குள்ளிருந்து குரல் வந்தது.

சித்தப்பா, இறந்தவரின் தம்பி. எல்லாவற்றையும் மணி தவறாமல் நடத்திவிட்டால் துக்கம் பாதியாகிவிடும் என்று நம்புகிறவர். நாலு மணிக்கு வண்டி சொல்லியிருந்தார். இப்போது இரண்டேமுக்கால்.

“வண்டி வந்துடும்மா. அதுக்குள்ள உங்கம்மா ஒரு தடவையாவது வந்து அண்ணன் மொகத்தைப் பாக்க வேணாமா? நீ என்னடான்னா இங்க பிளம்பர் வேலை பாத்துட்டிருக்க.”

“அவங்க வரணும்னுதான் சித்தப்பா இந்த வேலையே.”

அம்மா ஃபிரிட்ஜ் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து அதே ஸ்டூல். அழவில்லை. ஹாலுக்குப் போகவில்லை. கூப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: “அது தெரியாம நான் அங்க வரமாட்டேன்.”

எது என்று விளங்க வேண்டுமானால் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

முப்பத்தைந்து வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றதும், ஓடிக்கொண்டிருந்த சாமான்களையெல்லாம் பழுதுபார்க்கத் தொடங்கினார். அவர் கைபட்ட மின்விசிறி, பக்கத்து வீட்டு அழைப்புமணியை யாராவது அழுத்தினால் மட்டும் சுற்றியது. கோடை முழுக்க அந்த வீட்டுக்கு விருந்தாளிகள் வர வேண்டுமென்று அம்மா வேண்டிக்கொள்வாள். அவர் கைபட்ட சுவர்க் கடிகாரம் பத்து வருடமாகத் தினமும் மூன்று மணி நேரம் முந்தி ஓடியது. அதன் கணக்கில் இந்த நாள் வந்துபோய் ஒன்றேகால் வருடம் ஆகிறது.

டிஷ்வாஷர், அம்மாவின் மணிக்கட்டு வலிக்காக மகள் வாங்கிக் கொடுத்தது. வந்த வருடமே அது ஓடும்போது நடக்கப் பழகிவிட்டது. ஒருநாள் வயிறு நிறையப் பாத்திரங்களோடு ஹால் வாசல்வரை வந்துவிட்டது. டிக்கெட் இல்லாதவனை இறக்கிவிடும் அதே முகத்தோடு அப்பா அதை வழிமறித்துத் திருப்பி அனுப்பினார். பிறகு பதினோரு ஸ்க்ரூ போட்டு அலமாரியோடு சேர்த்து முடுக்கினார். பதினொன்றின் தலைகளும் மழுங்கிப் போயின. இனி வீட்டை இடித்தால்தான் அது நகரும்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒழுகத் தொடங்கியது. கதவு ரப்பர்தான் காரணம் என்றார் அப்பா. பின்பக்கத்துக் குழாய் என்றாள் அம்மா. அப்பா மூன்று முறை ரப்பர் மாற்றினார். மூன்று முறையும் மெஷின் அம்மாவின் கட்சியில் நின்று ஒழுகியது.

அப்பாவுக்கு ஒரு வழக்கம். எதற்காவது அடியில் தலையைக் கொடுத்துவிட்டால் வாயைத் திறக்க மாட்டார். பேசினால் கையில் பலம் இறங்காது என்பார். வெளியே கால்கள் மட்டும் தெரியும். கேட்கிற எதற்கும் பதில் வராது. ஒரே ஒரு விலக்கு உண்டு, காப்பி. “காப்பி வேணுமா?” என்றால் எத்தனை அடி ஆழத்திலிருந்தும் “ம்” வரும். நாற்பத்தெட்டு வருடமாக அம்மா அந்தக் கால்களைப் பார்த்துப் பேசிப் பழகியிருந்தாள்.

இன்று காலையும் அப்படித்தான். எட்டு மணிக்கு அவர் தொட்டிக்கு அடியில் நுழைந்தார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு நாற்பது நிமிடம் திட்டினாள். கடைசியில் மனமிரங்கி, காப்பி வேணுமா என்று கேட்டாள். பதில் வரவில்லை. அப்போதுதான் திரும்பி அவர் காலைத் தொட்டாள்.

“மாரடைப்பு. ஒரு நொடியில போயிருக்கும்மா, கஷ்டமே பட்டிருக்க மாட்டார்” என்றார் டாக்டர்.

“எந்த நொடியில?” என்று கேட்டாள் அம்மா.

டாக்டர் பையை மூடிக்கொண்டு கிளம்பினார்.

மகள் வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. அவள் பல் டாக்டர். கிளினிக்குக்குப் போகும் வழியில் செய்தி கேட்டு, தோளில் மாட்டிய பையோடு வந்திருந்தாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழவில்லை. கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“நான் அவரை ஒண்ணு சொல்லிட்டேன்டி.”

“நீ தினமும் சொல்றதுதானேம்மா.”

“தினமும் சொல்றது வேற. இன்னைக்கு, நீங்க எந்திரிச்சே வரவேணாம், அப்படியே கெடங்கன்னு சொல்லிட்டேன்.”

மகள் தோள் பையைக் கழற்றி மேடைமேல் வைத்தாள்.

“சொன்னதும் எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. டப்பாவுலருந்து ஒரு கிளிப்பு எடுத்தேன். குழாயைச் சுத்தி இறுக்குவாங்களே, அந்த இரும்புக் கிளிப்பு. காலாலயே உள்ள தள்ளிவிட்டேன். பின்பக்கக் குழாய்ல இதைப் போட்டுத் தொலைங்க, நான் சொல்றதை ஒரு தடவை கேட்டா கொறைஞ்சு போயிடமாட்டீங்கன்னு சொன்னேன். அப்புறம் அடுப்புப் பக்கம் திரும்பிட்டேன். அவர் எடுத்தாரா இல்லையான்னு பாக்கல.”

“இப்போ அந்தக் கிளிப்பு எங்க?”

“தரையில இல்ல. நாலு பேரு வந்து அவரை வெளிய இழுத்தாங்க. யார் கால் பட்டு எங்க போச்சோ. இல்ல, அவர் மாட்டினாரோ.”

“மாட்டியிருந்தா?”

“நான் சொன்னது பூராவும் கேட்டிருக்காரு. எந்திரிக்க வேணாம்னு சொன்னதும் சேத்து.”

“மாட்டலைன்னா?”

“செத்துப்போனவரைத் திட்டியிருக்கேன்.”

“ரெண்டுல எதும்மா உனக்குப் பரவாயில்ல?”

“தெரிஞ்சாத்தானேடி சொல்ல முடியும்!” என்று அம்மா எரிந்து விழுந்தாள்.

பொய் சொல்ல மகள் தயாராகத்தான் இருந்தாள். தினமும் இருபது பேரிடம் வலிக்காது என்று சொல்கிற வாய். அதற்குப் பொய் புதிதல்ல. ஆனால் எந்தப் பொய் ஆறுதலான பொய் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் உண்மையைப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தாள். அது எவ்வளவு தொல்லை பிடித்த வேலை என்பது அப்போது தெரியாது.

மெஷினை இழுத்துப் பார்க்க வழியில்லை, பதினோரு ஸ்க்ரூ. தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரியின் பக்கப் பலகையில் அப்பா ரம்பத்தால் அறுத்த ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியே கையை விட்டு, மெஷினின் முதுகுப்பக்கம் வளைத்தால் குழாய் கிடைக்கும். அப்பாவின் கைக்குக் கிடைக்கும். மகளின் கை இரண்டு அங்குலம் குட்டை.

அவள் கணவன், பூகோள ஆசிரியர், டிஷ்வாஷர் கம்பெனிக்குப் போன் போட்டார். இருபது நிமிடம் பாட்டுக் கேட்டார். பிறகு ஒரு பெண் பேசினாள். மெஷின் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்தான் பேச வேண்டும் என்றாள்.

“அவரால பேச முடியாதுங்க.”

“எப்போ பேச முடியும் சார்?”

பூகோள ஆசிரியர் யோசித்தார். “அவர் காலமாயிட்டாருங்க.”

“ஓகே சார். அப்போ அவர் லைன்ல வந்து பெயர் மாத்தச் சம்மதம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் சார்.”

அவர் போனை மனைவியிடம் நீட்டினார். அவள் அதை வாங்கி, அணைத்து, மாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் ஈரத் தரையில் படுத்தாள். படுத்து ஒன்றரை மணி நேரமாகிறது. இதற்குள் ஹாலில் எல்லோருக்கும் தாகமெடுத்து, வீட்டிலிருந்த அத்தனை கப்பிலும் டீ குடித்து, கழுவ ஆளில்லாமல் தொட்டி நிரம்பிக் கப்புகள் மேடைமேல் ஏறியிருந்தன. சித்தப்பா அரைமணிக்கொருமுறை வந்து ஒரு யோசனை சொன்னார். முதலில், இது காரியமெல்லாம் முடிந்த பிறகு பார்க்க வேண்டிய விஷயம் என்றார். அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று மாவு தூவிப் பார்க்கலாம் என்றார். இப்போது, “பேசாம கண்ணாடி வெச்சுப் பாரேன்” என்றார்.

அலமாரிக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. முடியில் ஒட்டடை. “என்ன சொன்னீங்க?”

“மூலைல இருக்கறதைப் பாக்க...”

“ஏங்க, என் பையை எடுங்க.”

கடைவாய்ப் பல்லின் பின்புறத்தைப் பார்ப்பதற்கென்று அவள் தொழிலில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. ஒரு மெல்லிய கம்பியின் நுனியில் காசளவு வட்டம். அதை ஒரு கரண்டிக் காம்போடு சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றினாள். கணவன் டார்ச்சைப் பிடித்தார்.

“லைட்டை ஆட்டாதீங்க.”

“நான் ஆட்டல. கை ஆடுது.”

கண்ணாடி ஓட்டை வழியே போனது, மெஷினின் முதுகுப்பக்கம் வளைந்தது. முதலில் தூசி தெரிந்தது. பிறகு காணாமல் போயிருந்த ஒரு ஸ்பூன். பிறகு சாம்பல் நிறத்தில் குழாய். அவள் மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பினாள். பின்பக்கப் பல்லைத் தேடுகிற அதே திருப்பல். குழாயின் முனையில் இரும்புக் கிளிப்பு பளபளத்தது. புதுக் கிளிப்பு. இறுக்கியிருந்தது. இறுக்கியது போதாதென்று அதை ஒட்டிக் கறுப்பு டேப்பை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லால் கடித்துப் பிய்த்திருந்தது. கடித்த பல் எது என்பதுகூட அவளுக்குத் தெரிந்தது. மேல்வரிசையில் இடப்பக்கம் மூன்றாவது. போன வருடம் அவளே அடைத்தது.

பார்த்து முடித்த பிறகும் அவள் கண்ணாடியை வெளியே எடுக்கவில்லை.

“என்னாச்சு?” என்றார் கணவன்.

“லைட்டை ஆட்டாதீங்கன்னேன்.”

அவள் எழுந்து உட்கார்ந்தபோது அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கி நின்றுகொண்டிருந்தாள்.

“மாட்டியிருக்காரும்மா.”

“நீ சும்மா சொல்ற.”

“சத்தியமா.”

“கிளிப்பு ஸ்க்ரூவோட தலை எந்தப் பக்கம் இருக்கு?”

“செவுத்துப் பக்கம்.”

“செவுத்துப் பக்கம் வெச்சு முடுக்கினா நாளைக்கு எப்படிக் கழட்டறது?”

“கழட்டவே முடியாது.”

“அப்போ அவர்தான்” என்றாள் அம்மா. மேடையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. காலையிலிருந்து காணாமல் போயிருந்த கோபம். “மாட்டிட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்? வாயில முத்தா கொட்டிடும்? நாப்பத்தெட்டு வருசத்துல ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டிருக்காரு, அதையும் எனக்குத் தெரியாமக் கேட்டிருக்காரு! அந்த மாதிரி ஒரு பேச்சையும் கேட்டுட்டு, கிளிப்பையும் மாட்டிட்டு...” பாதியில் நிறுத்தினாள். “ஒழுகுதான்னு பாரு.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

“அண்ணி, மணி மூணே கால்” என்றார் சித்தப்பா.

“கப்பெல்லாம் அடுக்குங்க தம்பி” என்றாள் அம்மா.

சித்தப்பா அடுக்கினார். அம்மா அவர் அடுக்கியதை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி அடுக்கினாள். மகள் ஈரத் தரையையும் மெஷினுக்கு அடியையும் துணியால் ஒற்றித் துடைத்துவிட்டு, இருப்பதிலேயே குறைந்த நேரமான முப்பத்தெட்டு நிமிடத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். மெஷின் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தண்ணீர் இழுக்கத் தொடங்கியது.

வந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சமையலறை வாசலுக்கு நகர்ந்தார்கள். வண்டி பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட, டிரைவரும் தூக்க வந்த மூவரும்கூடத் தேடிக்கொண்டு உள்ளே வந்து, விஷயத்தைக் கேட்டு, சுவரோரமாக நின்று தரையைப் பார்த்தார்கள். “எங்க வீட்லயும் இதே பிரச்சினைதான்” என்றான் ஒருவன், தாழ்ந்த குரலில். “நீங்க எந்தக் கிளிப்பு போட்டீங்க?” ஹாலில் இறந்தவர் மட்டும் தனியாக இருந்தார்.

முப்பது நிமிடம் ஆனது. மெஷின் அழுக்குத் தண்ணீரைத் துப்பியது. இந்தக் கட்டத்தில்தான் எப்போதும் ஒழுகும். குழாய் ஒருமுறை துள்ளிச் சுவரில் இடித்தது, அடங்கியது. பிறகு மெஷின் மூன்று முறை கூவிவிட்டு நின்றது.

அம்மா முட்டி போட்டு உட்கார்ந்தாள். மகள் கை கொடுக்கப் போனபோது தட்டிவிட்டாள். உள்ளங்கையை மெஷினுக்கு அடியில் நுழைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் தடவினாள். வெளியே எடுத்துப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

எழுந்து, யாரையும் பார்க்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனாள். மகள் பின்னாலேயே போய் வாசல் நிலையருகே நின்றுவிட்டாள்.

அம்மா கட்டிலோரம் உட்கார்ந்தாள். மூடியிருந்த கண்களுக்கு மிக அருகில், கண்ணாடி போடாதவருக்குக் காட்டுவதுபோல், விரல்களை விரித்துத் தன் காய்ந்த உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வண்டிக்காரர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தெருப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.