பதினேழாவது அடிக்குறிப்பு

அடிக்குறிப்பு என்பது யாரும் படிக்காத இடம் என்று அந்தச் சட்ட விரிவுரையாளர் நம்பியிருந்தாள். அவளுடைய மாணவர்களே படித்ததில்லை. அப்படியே ஒருவர் ஒன்று விடாமல் படித்தார் என்றால், அவர் காவல் ஆய்வாளராகவா வந்து வாய்க்க வேண்டும்?

"பகுதிநேரமா சட்டம் படிக்கறேன் மேடம். உங்க கட்டுரைய மூணு தடவை படிச்சேன்" என்று பெருமையாகச் சொல்லி, பிரதியை மேசையில் வைத்தார். பாதிப் பக்கம் மஞ்சள் மையில் நனைந்து கிடந்தது. காவல் நிலையத்தின் சுவரோரப் பெஞ்சில் அவளுடைய தாய்மாமா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். கடைவீதியில் அத்தர் வியாபாரி. கண்ணாடியைத் துடைப்பதும் மாட்டுவதுமாக இருந்தார். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது அந்த வீதிக்காரர்கள் கடையைப் பூட்ட மாட்டார்கள். வாசலில் ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டுவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். போலீஸ் எட்டிப் பார்க்காமலே ஒரு சந்தை தன்னைக் காத்துக்கொள்வதைப் பற்றி அவள் நாற்பது பக்கம் எழுதிப் பேர் வாங்கியிருந்தாள். பதினேழாவது அடிக்குறிப்பில் ஒரு சங்கதி. தொழுகை நேரத்தில் ஒரு கடையில் கைவைத்தவனைப் பெரியவர்கள் மூவர் கூப்பிட்டுப் பேசி, பொருளைத் திருப்பி வைக்கச் சொல்லி, மன்னித்துவிட்டார்கள். இன்று அதே வீதியில் அவன் கௌரவமாகத் தொழில் செய்கிறான். தகவல் தந்தவர்: ஓர் அத்தர் வியாபாரி.

பெயரைப் போடக் கூடாது என்ற ஆய்வு நெறியை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருந்தாள். அந்த வீதியில் அத்தர் விற்பது ஒரே ஓர் ஆள்தான் என்பது மட்டும் அத்தனை படித்த மண்டையில் ஏறவில்லை.

"போன வாரம் அங்க ரெண்டு கடையில திருட்டு. நீங்க எழுதின அந்தப் பழைய ஆளு யாருன்னு உங்க மாமா சொல்லட்டும், இப்பவே கூட்டிட்டுப் போங்க."

"சார், இப்படிக் கூப்பிட்டு உக்கார வெக்கக் கூடாதுன்னுதான் அந்தக் கட்டுரையே எழுதினேன். முப்பத்தொண்ணாம் பக்கம் பாருங்க."

"பார்த்தேன் மேடம். ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க."

யாரையாவது நாலு அறை விட வேண்டும்போல அவளுக்குக் கை பரபரத்தது. யாரை என்று யோசித்தால் விரல் தன் பக்கமே திரும்பியது.

மாமாவிடம் குனிந்தாள். "மாமா, பேரைச் சொல்லிடுங்களேன். அவன் தப்பு செய்யலேன்னா விட்டுடுவாங்க."

"யாருகிட்டயும் மூச்சு விடமாட்டோம்னு மூணு பேரும் பள்ளிவாசல்ல உக்காந்து வாக்குக் கொடுத்தோம்மா. அக்கா மகளாச்சேன்னு உன்கிட்ட சொன்னேன். நீ கட்டுரைகிட்ட சொல்லிட்டே."

அவர் மேல் புகார் இல்லை, சம்மன் இல்லை, எந்தப் பிரிவில் உட்கார வைத்தீர்கள் என்று ஆய்வாளரோடு மல்லுக்கட்டி, மதியத்துக்குள் மாமாவை வெளியே கொண்டுவந்தாள். "நாளைக்கும் வரணும்" என்றார் ஆய்வாளர். வரவில்லை என்றால் வீதியில் ஒவ்வொருவராகக் கூப்பிடுவாராம்.

மாமா வாய் திறக்காமலே தினமும் போய் வந்தார். அதற்குள் வீதியில் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் அளக்க ஆரம்பித்திருந்தார்கள். தையல்காரர் செருப்புக் கடைக்காரரைப் பார்த்தார். அவர் பாத்திரக் கடையைப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மன்னிப்புக் கேட்க அவள் கடைக்குப் போனபோது தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். மாமா நாற்காலியை வெளியே எடுத்தார். ஒரு நிமிடம் அதைப் பிடித்தபடியே நின்றார். பிறகு உள்ளே வைத்துவிட்டு, துருப்பிடித்த ஷட்டரை இழுத்து இறக்கிப் புதுப் பூட்டு ஒன்றை மாட்டினார்.

"என்ன மாமா இது?"

"திறந்து கிடந்து எதாச்சும் காணாமப் போச்சுன்னா முதல்ல அவனைத்தான் தேடுவாங்க. பூட்டிட்டா அவன் நிம்மதியாத் தொழுவான்."

அடுத்த கடையிலும் ஷட்டர் இறங்கியது. அதற்கடுத்ததிலும். அவளுடைய நாற்பது பக்கமும் அந்தச் சத்தத்தில் ஒவ்வொன்றாகப் பொய்யாகிக்கொண்டிருந்தன.

மாமா சாவியை அவள் கையில் வைத்தார்.

"வர்ற வரைக்கும் வெச்சிரும்மா. பூட்டிப் பழக்கமில்ல, தொலைச்சிடுவேன்."