முனையில்லாத கத்தி

சார்ஜென்ட் விட்கம் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீளமான கத்தி, சவரக்கத்தி போலப் பளபளப்பு. நுனி மட்டும் அளவுகோல் மாதிரி சதுரமாக முடிந்திருந்தது. ஒயிட்சேப்பல் சந்தில் செத்துக் கிடந்தவளின் நெஞ்சில் ஏதோ ஒரு முனை ஆழமாக இறங்கியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். இந்தக் கத்தியால் அறுக்கலாம், குத்த முடியாது.

அப்படியென்றால் கத்திக்குச் சொந்தக்காரன், லாக்கப்பில் கிடக்கும் ஹிர்ஷ் கொலைகாரன் இல்லை. இதை ஒப்புக்கொள்ள விட்கமுக்கு மனசு வரவில்லை.

ஹிர்ஷ் போலந்திலிருந்து வந்த யூதன். தன் ஆட்களுக்காக மத முறைப்படி மாடு அறுப்பவன். அந்நியன், கையில் கத்தி, பேச்சும் அரைகுறை ஆங்கிலம். விக்டோரியா மகாராணியின் லண்டனில் வேறென்ன சாட்சி வேண்டும்? உள்ளூர்க் கசாப்புக்காரர்களில் ஒருவர் வீட்டுக் கதவைக்கூட யாரும் தட்டவில்லை.

விட்கமின் வழக்கோ வேறு. விதவை ஹெஸ்டரின் கடையில் மூன்று வருஷமாக விலாங்குமீன் அடைத்துச் சுட்ட பணியாரமாகத் தின்று தீர்த்தும் அவருக்கு ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை. மத விதிக்குப் பயந்து அவள் சமைத்ததை ஒரு வாய்கூடத் தொடாத ஹிர்ஷ், குடிக்கிற தம்ளரைக்கூடத் தன் பையிலேயே கொண்டுவருகிறவன், வந்து உட்கார்ந்தால் போதும், அவள் முகமெல்லாம் சிரிப்பு.

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "என்னய்யா, கத்தி கூரா இருக்கா?"

"பயங்கரக் கூருங்க ஐயா. முடியை ரெண்டாப் பிளக்கும்."

பொய் இல்லையே. முனையைப் பற்றி யார் கேட்டார்கள்? நாளைக்கே கோர்ட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனார். வாசலில் கூட்டம் ஹிர்ஷைத் தூக்கில் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஹெஸ்டர் வந்தாள். கையில் ஹிர்ஷ் அவள் கடையில் விட்டுப்போன மேல்கோட்டு.

"சார்ஜென்ட், அந்தக் கத்திக்கு முனையே கிடையாதே. உங்க கண்ணுல படலையா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவர்தான் சொன்னார். மாட்டைக் குத்தக் கூடாதாம், அவங்க சட்டம். கத்தி விளிம்புல சின்னப் பொக்கை விழுந்தாக்கூட அன்னிக்கு அறுக்க மாட்டாராம்." சொல்லும்போதே அவள் குரல் இளகியது.

மாடு அறுக்கிற கதையைக்கூட இவள் உருகி உருகிக் கேட்டிருக்கிறாள்! பார்த்தேன் என்றால் ஏன் சொல்லவில்லை என்பாள். பார்க்கவில்லை என்றால் குருடன் என்பாள். விட்கம் நேரே இன்ஸ்பெக்டர் அறைக்குப் போனார்.

"ஐயா, அந்தக் கத்திக்கு முனை இல்லை. குத்தவே முடியாது."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"கூரா இருக்கான்னுதானே கேட்டீங்க."

லாக்கப் கதவை விட்கமே திறந்துவிட்டார். ஹெஸ்டர் கோட்டை விரித்துப் பிடித்தாள், ஹிர்ஷ் கையை நுழைத்தான். பொத்தான்களையும் அவளே போட்டுவிட்டாள்.

வெளியே கூட்டம் கலைந்தபாடில்லை. இரண்டு பேரையும் பத்திரமாக வீடு கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை சார்ஜென்ட் தலையில்தான் விழுந்தது.