மூச்சுப் பிடிக்கும் ஆட்டம்

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நீலத் தொப்பியை மாட்டிவிட்டவன் எவனோ, அவன் நல்லாவே இருக்கமாட்டான் என்று நஸீரா மனதுக்குள் திட்டினாள். முடி விழுந்து குழாய் அடைத்துக்கொள்ளும் என்று தோட்ட வீட்டுக்காரர்கள் செய்த ஏற்பாடு அது. நீச்சல் குளத்தின் ஓரத்தில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவளுக்குத் தண்ணீருக்கு மேலே நீல மண்டைகள்தான் தெரிந்தன. ஒன்றைப் பிடித்து இதுதான் நம் முஹ்சினா என்று கண்ணை ஊன்றுவதற்குள் அது முங்கிவிடும். வேறெங்கோ இரண்டு முளைக்கும். பிறகு முதலிலிருந்து தேட வேண்டும். உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.

பெருநாள் கழிந்த ஞாயிறு, அவள் கணவர் அப்துல் ஹாதியின் குடும்பம் மொத்தமும் வேன் பிடித்துக் கன்னிவாடிப் பக்கம் இந்தத் தோப்புக்கு வந்திருந்தது. காலையில் ஆண்கள் குளத்தைக் கலக்கிவிட்டுப் போய்விட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் முறை. குளத்தைச் சுற்றிப் பச்சை வலையை இழுத்துக் கட்டியாகிவிட்டது. பிரியாணி அசதியில் ஆண்கள் வலைக்கு அந்தப் பக்கம் தென்னை நிழலில் பாயை விரித்துக் கிடந்தார்கள். மகள் அழுததைப் பார்த்துப் பொறுக்காமல், நீ பக்கத்திலேயே இருந்துக்க என்று நஸீராவிடம் சொல்லி, பிள்ளை குளத்தில் இறங்கச் சம்மதம் கொடுத்த மகராசன் அப்துல் ஹாதியும் அங்கேதான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். தோல் மண்டியில் நின்று நின்று சலித்த மனுஷன், படுத்தால் எழுப்புவது கஷ்டம். நஸீராவுக்கு நீச்சல் தெரியாது.

முஹ்சினாவுக்கு வலிப்பு உண்டு. போன வருஷம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, நோன்பு சமயத்தில் ஒரு தடவை. இரண்டு தடவையும் மாமியார் காதர் பீவி ஓடிப்போய் மண்டிப் பூட்டின் பெரிய இரும்புச் சாவியை எடுத்து வந்து பிள்ளையின் கையில் திணித்தார். சாவி பூட்டைத் திறக்கத்தான் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதிலேயே அடங்கிவிட்டது. தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்டதற்கு, விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நின்றால் இறங்கலாம், மூச்சை அடக்கி முங்குவது மட்டும் வேண்டாம் என்றார்.

விஷயம் தெரிந்தவர் என்பதில்தான் சிக்கல். தெரிந்தவர்கள் மூன்றே பேர். பொட்டப்பிள்ளை, நாளைக்கு நாலு இடத்திலிருந்து கேட்டு வர வேண்டும், வாயைத் திறக்கக் கூடாது என்று காதர் பீவி அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டார். பெற்ற மகள் மெஹராஜிடம்கூட அவர் சொல்லவில்லை. அது என்ன மாத்திரை என்று யாராவது கேட்டால் சத்து மாத்திரை என்று சொல்லும்படி முஹ்சினாவைப் பழக்கியது நஸீராதான். பிள்ளையும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லிவந்தது.

ஆட்டங்களை நடத்தியவள் மெஹராஜின் மூத்த மகள் ரமீஜா. கல்லூரிக்குப் போகிறாள், நன்றாக நீந்துவாள், அதிகாரமும் நன்றாகச் செய்வாள். முதலில் மட்டையோடு தேங்காய்களை மிதக்கவிட்டு, கையால் தொடாமல் மூக்காலேயே தள்ளிக்கொண்டு போகச் சொன்னாள். தேங்காய் ஒரு பக்கம் போக மூக்கு ஒரு பக்கம் போக, ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நஸீராவும் சிரித்தாள், கண்ணை மட்டும் எடுக்கவில்லை. அடுத்தது ரயில். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி நடக்க வேண்டும். அம்பாத்துரை, கொடைரோடு என்று ரமீஜா கத்திக்கொண்டே போக, வண்டி வேகமெடுத்து, தண்ணீரே ஆட்டுக்கல் மாவு போலச் சுழல ஆரம்பித்தது. மதுரை வந்ததும் எல்லாரும் கையை விட்டுவிட வேண்டும். சுழல் இழுக்கிற பக்கம் உடம்பைப் போட்டுவிட வேண்டும். அதுதான் ஆட்டம்.

கையை விட்டார்கள். நீலத் தொப்பிகள் திசைக்கொன்றாகச் சிதறின. அதில் ஒன்று குப்புறக் கிடந்தது. கை கால் அசையாமல் அப்படியே மிதந்து போயிற்று.

நஸீரா எப்போது குதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. சுடிதாரும் துப்பட்டாவும் காலைச் சுற்ற, தண்ணீர் வாய்க்குள் போக, தட்டுத் தடுமாறி அந்தப் பிள்ளையின் தோளைப் பற்றிப் புரட்டி மார்போடு தூக்கினாள். மெஹராஜின் சின்ன மகள் பயந்துபோய் அலற ஆரம்பித்தது. அது சும்மா மிதந்துகொண்டிருந்த பிள்ளை. நல்லாத்தான் இருந்தது.

குளம் அடங்கிப்போயிற்று. மெஹராஜ் ஓரத்துக்கு ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, எதற்கு இப்படிப் பாய்ந்து விழுந்தாய் என்று கேட்டாள். குப்புறக் கிடக்கவும் பயந்துவிட்டேன் என்று நஸீரா சமாளித்தாள். எவளோ ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாருமே சிரித்தார்கள். நஸீராவுக்கு வெட்கத்தில் உடம்பு சுருங்கியது. அதைவிட வேறொன்று உறைத்தது. நாலடித் தூரத்திலிருந்தும் தன் பிள்ளை எதுவென்று அவளுக்குத் தெரியவில்லை. இப்படிப் பார்த்திருந்து காப்பாற்றவா போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

ரமீஜா கையைத் தட்டினாள். அடுத்த ஆட்டம், எல்லாரும் மூச்சைப் பிடித்து முங்க வேண்டும், கடைசியில் எழுபவருக்குப் பரிசு.

வேண்டாம் என்று சொல்ல நஸீரா வாயெடுத்தாள். ஏன் என்று கேட்பார்களே. சளி என்று சொல்லலாமா, காது வலி என்று சொல்லலாமா? பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியாரைப் பார்த்தாள். காதர் பீவி ஓதி உருட்டிவந்த தஸ்பீஹ் மணி நகராமல் விரலிலேயே நின்றிருந்தது.

"லாத்தா, நான் வரல" என்று ரமீஜாவிடம் சொன்னது ஒரு தொப்பி. அது முஹ்சினா. படிக்கட்டுப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்தாள். "எனக்கு வலிப்பு வரும். முங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. அம்மா நான்னு நெனச்சுத்தான் குதிச்சுச்சு. அம்மாவப் பாத்துச் சிரிக்காதீங்க."

மெஹராஜ் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தாள். எங்கிட்டக்கூடவா சொல்லல என்கிற பார்வை. நஸீராவுக்குக் கோபம் வந்தது, மகள் மேல்தான் வந்தது. இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்ததை இப்படிப் போட்டு உடைத்துவிட்டாளே. கோபம் அழுகையாக மாறியது. நல்லவேளை, முகம் ஏற்கெனவே நனைந்திருந்தது.

ரமீஜா மட்டும் அதிகம் யோசிக்கவில்லை. "சரி, அப்ப நீ எண்ணு. யாரு கடைசியா எந்திரிக்கிறான்னு பாத்துச் சொல்லணும்" என்றாள்.

காதர் பீவி எழுந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லாரும் பார்த்திருக்க, நாற்காலியைத் தரையில் கரகரவென்று இழுத்துவந்து, பேத்தி நின்ற படிக்கட்டுக்கு மேலேயே போட்டு உட்கார்ந்தார். சேலை நுனி தண்ணீரில் நனைந்ததை அவர் தூக்கிவிடவில்லை.

தொப்பிகள் எல்லாம் முங்கத் தயாராயின. நஸீரா மார்பளவுத் தண்ணீரில் நின்றபடியே நின்றாள்.

"நீயும் முங்கும்மா" என்றாள் முஹ்சினா. "நான் இங்கதான இருக்கேன்."

முங்கினால் பிள்ளையைப் பார்க்க முடியாது. முதல் வலிப்பு வந்து இரண்டு பெருநாள் கடந்தும் தூக்கத்தைத் தவிர வேறெதற்கும் அவள் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுத்ததில்லை. நஸீரா மூக்கைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கினாள்.

உள்ளே பச்சை வெளிச்சமும் பிள்ளைகளின் கால்களும் இருந்தன. மேலே எண்ணும் சத்தம் கேட்டது. என்ன எண் என்று விளங்கவில்லை, குரல் மட்டும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நின்றது. நஸீராவின் பாதங்கள் தரையை உந்தத் தொடங்கின. குரல் மறுபடியும் வந்தது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டு, அடுத்த எண்ணுக்காகத் தண்ணீருக்குள்ளேயே இருந்தாள்.