எழுபத்து மூன்றாம் சட்டம்

பூசைக்கு ஒழுங்கு செய்யும் கோயில் சங்கிலித்தாம் அமிர்தநாதர் ஏணியில் ஏறி, கூரையில் ஒட்டிக்கொண்ட நற்கருணை அப்பத்தை வெள்ளைத் துணியில் பக்குவமாக இறக்கிக்கொண்டிருந்தார். கீழே நவரத்தினம் வாயைத் திறந்தபடி முழந்தாளில் நின்றார்.

"அண்ணை, வாயை மூடுங்கோ. அது உங்களிட்டை வராது," என்றார் அமிர்தநாதர் ஏணியிலிருந்து.

"ஏன் வராது? நான் என்ன செய்தனான்?"

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் தமிழ்ச் சனம் சிரிப்பை அடக்கியது. ஞானமலர் அடக்கவில்லை.

அங்கே எல்லாருக்கும் அன்ட்ராக் என்ற விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் நவரத்தினம். கோயில் சபைத் தேர்தலில் ஞானமலரின் கணவன் றெக்ஸ் அவரைத் தோற்கடித்த மாதமே, றெக்ஸின் அகதிக் கதை பொய் என்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போனது. அதில் றெக்ஸின் பெயர், நவரத்தினம் மட்டுமே செய்யும் எழுத்துப்பிழையோடு இருந்தது. றெக்ஸைக் கொழும்புக்கு விமானம் ஏற்றினார்கள். இறங்கியதும் ஒரு போன் எடுத்தார், பிறகு சத்தமில்லை. எங்கோ ஒளிந்திருக்கிறார், வருவார் என்று ஞானமலர் காத்திருந்தாள்.

அவள் துப்புரவு வேலை செய்த குருமட நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம் இருந்தது. நான்காம் நூற்றாண்டில் ஸ்பெயினின் எல்விராவில் கூடிய ஆயர்கள் எழுதிய எழுபத்து மூன்றாம் சட்டம் அதில் கிடைத்தது. காட்டிக்கொடுத்தவனால் ஓர் உயிர் போயிருந்தால், சாகும்போதுகூட அவனுக்கு நற்கருணை இல்லை. தீங்கு அதைவிடச் சிறிதென்றால் ஐந்து ஆண்டுக்கு மட்டும் இல்லை. அதைத் தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் குத்தினாள்.

"பிள்ளை, இது இப்ப செல்லாத சட்டம்," என்று பங்குச் சுவாமி கிழித்தெறிந்தார். அப்பத்துக்கு அது தெரியவில்லை. அந்த ஞாயிறே நவரத்தினத்தின் நாக்கிலிருந்து எழும்பிக் கூரைக்குப் போய்விட்டது.

நவரத்தினம் எர்லாங்கன் கோயிலுக்குப் போய்ப் பார்த்தார், அங்கேயும் அதே கதை. மியூனிக் போனார், அங்கே கூரை உயரம், தீயணைப்பு வண்டி வரவேண்டியிருந்தது. ஞானமலர் மாதம் தவறாமல் முதல் வரிசை வாங்கில் உட்கார்ந்து ரசித்தாள்.

"நவரத்தினம் அண்ணை, இன்னும் முப்பத்தெட்டு மாசம். பசிக்குதோ?"

கெடு முடிந்த ஞாயிறு நவரத்தினம் புதுக் கோட்டோடு வந்தார். அவளைத் தாண்டும்போது குனிந்து, "ஐஞ்சு வருசம் முடிஞ்சுது, தங்கச்சி," என்றார். அவள் வழிவிட்டாள். சட்டப்படி கட்டிய வஞ்சம் சட்டப்படியே தீரட்டும்.

சுவாமி அப்பத்தை நாக்கில் வைத்தார். அது எழும்பிக் கூரைக்குப் போனது.

சனம் வாய்விட்டுச் சிரித்தது. அமிர்தநாதர் ஏணி எடுக்கப் போனார். ஞானமலர் எழுந்து நவரத்தினத்தின் முன் வந்து நின்றாள்.

"நீ வாயைத் திறந்தபடியே இரு," என்றாள். பிறகு சுவாமியிடம் திரும்பினாள்.

"செத்தவையின்ரை மன்றாட்டிலை றெக்ஸின்ரை பேரையும் சேருங்கோ, சுவாமி. ஐஞ்சு வருசத்தோடை தீரேல்லை. அவர் உயிரோடை இல்லை."

சுவாமி கூரையைப் பார்த்தார். எப்படித் தெரியும் என்று கேட்காமல் சேர்த்தார்.