தீப்பற்றாத புட்டி

அறுபத்தேழில் புது ஆட்சி வந்தும் பண்ணைகளுக்கும் ஆட்களுக்கும் நடுவே கூலிப் பேச்சு முடிந்தபாடில்லை. நீடாமங்கலத்துக்குத் தெற்கே வயல்வயலாகப் பந்தோபஸ்து நின்று ஏட்டு பஞ்சநதத்துக்குக் கால் மரத்துப்போயிருந்தது. இதில் பண்ணையார் வேறு புகார் எழுதிக் கொடுத்திருந்தார். மாதா கோயிலில் வைத்துக் கூலியாட்களுக்குச் சாராயம் ஊற்றுகிறார்களாம்.

பஞ்சநதம் போய்ப் பார்த்தார். பீரோவில் ஒரே ஒரு புட்டி, அதுவும் லேபிள் உரிந்துபோனது. பூசைக்கு வைத்திருக்கும் திராட்சை ரசம் என்றார் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஐயாவு. அதை வைத்துக்கொள்வதற்கான மதுவிலக்கு பெர்மிட் பங்குச் சாமியார் பையில் இருந்தது. சாமியார் தஞ்சாவூர் போயிருந்தார், விடியற்காலை பஸ்ஸில்தான் வருவார். புட்டி போய்விட்டால் நாளைக்குப் பூசை கிடையாது. போராட்டத்தில் அடிபட்டுச் செத்த இராஜாங்கத்துக்கு நாளை முப்பதாம் நாள்.

பஞ்சநதம் ஒரு கரண்டி ரசத்தைத் தட்டில் ஊற்றித் தீக்குச்சியைக் காட்டினார். பற்றவில்லை. பற்றாவிட்டால் அது தண்ணீர் கலந்த சாராயம்; இருபது வருஷ மதுவிலக்கு வேலையில் அவர் கற்றது அவ்வளவுதான்.

"பாதிக்குப் பாதி தண்ணிய ஊத்திட்டு ரசங்கிறீங்களே, பெரியவரே."

ஐயாவு கோபப்படவில்லை. கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். புது வைக்கோல் நிறம். ஓரத்தில் ஏறியது மெல்ல வழிந்து இறங்கியது. சிவப்பு ரசமென்றால் பீடத்துணியில் கறை போகாது, அதனால்தான் வெள்ளை என்றார்.

"விரல்ல தொட்டுத் தேய்ங்க ஏட்டையா. சாராயம்னா சில்லுன்னு பறந்துடும். இது ஒட்டும்."

ஒட்டியது. முகர்ந்தால் உலர்ந்த திராட்சை வாசனை. நாக்கில் வைத்தார், முதலில் இனிப்பு, பின்னால் இலேசான புளிப்பு. தொண்டை எரியவில்லை.

சாராயமில்லை என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் பெர்மிட் இல்லாத புட்டியை எடுத்துப்போனால்தான் அவர் தலை தப்பும். பெஞ்சில் உட்கார்ந்தார். ஐயாவு கேட்காமலே ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பண்ணை வாசலில் ஒரு வாரம் நின்றவருக்கு அங்கே யாரும் அதைச் செய்யவில்லை.

"நாளைக்கு எத்தனை பேரு வருவாங்க?"

"ராமாயி வருவா, செத்தது அவ புருஷனாச்சே. மத்த சனங்க போலீசுக்குப் பயப்படுதுங்க."

பஞ்சநதம் புட்டியைத் திரும்ப பீரோவில் வைத்தார். காலை ஆறு மணியிலிருந்து ஏழு வரைக்கும் போலீஸ் வண்டி எதுவும் இந்தப் பக்கம் வராது, சனங்களிடம் சொல்லிவிடுங்கள் என்றார். பிறகு ரிப்போர்ட்டை எடுத்து, சோதித்ததில் பூசை ரசம், சாராயமில்லை என்று எழுதினார். பெர்மிட் பார்த்ததாக எழுத மனம் வரவில்லை. அந்த இடத்தை வெறுமனே விட்டுக் கையெழுத்துப் போட்டார். மேலே கேட்பார்கள். கேட்கட்டும் என்று தொப்பியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.