கை ஓயும் முன்னே

"பொண்ணுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்லுங்க மதினி. பிறகு ஒரு குறை வந்திரக் கூடாது பாருங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா சந்தனமாரி. பக்கத்தில் ஹரி சுதாராணியையே பார்த்துக்கொண்டிருந்தான். கோவில்பட்டியில் எலெக்ட்ரிக்கல் கடை; காதும் வாயும் நன்றாக இருக்கிற பையன், விரும்பித்தான் வந்திருக்கிறான். பேச்சித்தாய்க்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. காது கேளாத, வாய் பேசாத மகளை இதற்கு முன் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி.

மகளுக்காகச் சைகைப் பேச்சைக் கற்றுக்கொண்டவள் பேச்சித்தாய். "இங்கிலீஷ்ல 'இல்லை'ங்கிறத முன்னாலயே சொல்லிருவாங்க. இந்தப் பிள்ளைங்க கையும் நம்ம வாயும் அதைக் கடைசியிலதான் சொல்லும். முடியுத வரை பொறுங்கம்மா" என்று பள்ளிக்கூடத்து டீச்சர் எத்தனையோ முறை சொன்னதுண்டு. யார் கேட்டது? ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காது. மகள் கையைத் தூக்கினாலே இவள் வாய் ஓட ஆரம்பித்துவிடும். மகளைப் பார்த்தபடிதான் பேசுவாள். அம்மா சரியாகச் சொல்கிறாளா என்று சுதாராணி உதட்டைப் படித்துக்கொள்வாள்.

சுதாராணியின் கைகள் எழுந்தன.

"மாப்பிள்ளை நல்லவருங்கிறா... அத்தையும் நல்ல மாதிரியாம்..." கையோடு கையாகச் சொல்லிக்கொண்டே போனாள் பேச்சித்தாய். சந்தனமாரியின் முகம் மலர்ந்தது. "கடையும் நல்லாருக்காம்... உங்க வீட்டுக்கு மருமகளா வர..."

மகளின் வலது கை விரிந்து, இடம் வலமாக அசைந்தது. வேண்டாம்.

காரணம் தாய்க்குத் தெரியும். புதியம்புத்தூரில் தைக்கப் போகிற இடத்தில் இவளைப் போல நாலைந்து பெண்கள். நாள் முழுக்கக் கையாலேயே பேசிச் சிரிப்பார்கள். அந்த வீட்டுக்குப் போனால் யாரோடு பேசுவாள்? எல்லாம் நியாயந்தான். ஆனால் நான் கண்ணை மூடிவிட்டால்? அந்தப் பயம்தான் பேச்சித்தாயைப் பிடித்து ஆட்டியது. மகளுக்கு முதுகைக் காட்டி, வந்தவர்கள் பக்கமாகத் திரும்பினாள்.

"வர ஆசையா இருக்காம்."

"பிறகென்ன!" என்று சந்தனமாரி பூத்தட்டைத் தூக்கினாள். ஹரி வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். சுதாராணிக்கு அம்மாவின் உதடு தெரியவில்லை. எதிரே இருந்த முகங்கள் தெரிந்தன. அம்மா என்ன சொல்லியிருப்பாள் என்று அவற்றிலேயே படித்துவிட்டாள்.

எழுந்து ஹரியின் முன்னால் வந்து நின்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. கையை விரித்து, இடம் வலமாக அசைத்தாள்.

அவனுக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. "இவிய என்ன சொல்லுதாவ, அத்தை?"

பேச்சித்தாய் மகளைப் பார்த்தாள். சந்தனமாரியின் கையில் பூத்தட்டு பாதியில் நின்றது. சுதாராணி தன் கையை இறக்கவில்லை.